செவலையின் இடது கால்

அந்தச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிமெண்டுத் தரையில் ஒரு நாயின் பின்னங்கால் படபடவென்று அடிக்கும் சத்தம். நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். பின்வாசலில் அவள் உட்கார்ந்து செவலையைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருப்பாள். அது கண்ணைப் பாதி மூடி, வாயைக் கோணிக்கொண்டு, இடது காலால் தரையை உதைக்கும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன்.

அவள் என் ஓரகத்தி. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு குமுளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம், வீடும் தோட்டத்துக்குள்ளேயே. செவலை அவளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. ரோட்டோரம் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை என் மகள் எடுத்து வந்தாள். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபின் அது என்னோடு ஒட்டிக்கொண்டது. பாலைத் துணியில் நனைத்து அதன் வாயில் பிழிந்தவள் நான். உண்ணி பிடுங்கியவள், ஊசி போடக் கூட்டிப் போனவள், அது வாந்தியெடுத்த இடத்தைக் கழுவியவள் எல்லாம் நான்தான். அந்த வீட்டில் மாமியாருக்கு மூத்த மகன், என் வீட்டுக்காரருக்குத் தோட்டம், மகளுக்குப் படிப்பு என்று ஆளுக்கொன்று இருந்தது. எனக்கென்று இருந்தது செவலைதான்.

ஓரகத்தி வந்த ஒரு மாதத்தில், சொறிந்தால் கால் உதைக்கும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வயிற்றிலும் இல்லை, காதடியிலும் இல்லை. விலாவுக்குப் பின்னால் எங்கேயோ. விரலை வைத்தால் போதும், கால் தானாக எழும்பும். "எடா கள்ளா, சுகமா இருக்கோ?" என்று மலையாளமும் தமிழும் கலந்து கொஞ்சுவாள். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு மாமியார் காட்டுவார். "சின்னவகிட்ட அதுக்கு எம்புட்டுப் பிரியம் பாருங்க" என்பார். அவள் இல்லாத நேரம் பார்த்து நானும் சொறிந்து பார்த்தேன். செவலை படுத்தபடி என்னைப் பொறுமையாகப் பார்க்கும். கால் அசையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாயின் காலுக்காக நான் அழுதிருக்கிறேன்.

ஒருமுறை ஊசி போடப் போனபோது கால்நடை டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். சொறிந்தால் நாய் ஏன் காலை உதைக்கிறது? அவர் சிரித்தார். "அது வேணும்னு உதைக்கிறதில்லம்மா. தோலுக்கடியில நரம்பு இருக்கு. உண்ணியோ ஈயோ ஊருதுன்னு அது முதுகுத்தண்டுக்குச் சொல்லும். அங்கிருந்தே காலுக்கு உத்தரவு போயிரும். மூளைக்கு அதுல வேலையே கிடையாது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை விருந்தாளிகள் முன்னால் மாமியார் அந்தப் பேச்சை எடுத்ததும் சொல்லிவிட்டேன்.

"அது பாசத்துல உதைக்கல அத்த. உண்ணி கடிக்குதுன்னு நெனச்சு உதறுது. டாக்டரே சொன்னாக."

சொறிந்துகொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. "அப்படியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து கை கழுவப் போனாள். அன்றிலிருந்து அவள் செவலையைச் சொறியவில்லை. அது அவள் காலடியில் விழுந்து விலாவைக் காட்டும். அவள் முந்தானைக்குள் கையை மடக்கிக்கொள்வாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சில மாதத்தில் கொழுந்தனுக்குத் தேனியில் வேலை கிடைத்து, அவர்கள் அங்கேயே அல்லிநகரத்துக்குக் குடிபோனார்கள். போகும்போது அவள் செவலையின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். தலையை மட்டும்.

போன வருடம் திராட்சை அறுப்பு சமயத்தில் என் வீட்டுக்காரர் டிராக்டரைப் பின்னால் எடுத்தார். நிழலுக்குப் படுத்திருந்த செவலையை அவர் பார்க்கவில்லை. சக்கரம் இடித்துத் தள்ளியதில் அதன் பின்னங்கால் இரண்டும் அசைவில்லாமல் துவண்டுவிட்டன. சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு முறியவில்லை, முதுகுத்தண்டில் அடி என்றார் டாக்டர். மருந்து கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்துப் போனபோது கால் அப்படியேதான் கிடந்தது. அவர் அங்கங்கே சொறிந்து பார்த்தார்.

"ஒவ்வொரு நாய்க்கும் ஒரு எடம் இருக்கும்மா. இதுக்கு எங்கன சொறிஞ்சா கால் உதைக்கும்? உங்களுக்குத் தெரியுமில்ல, சொறிங்க. கால் அசைஞ்சா கீழ நரம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சொறிந்தேன். வயிறு, விலா, முதுகு, வால் அடி என்று ஒரு இடம் விடவில்லை. ஒன்றும் அசையவில்லை. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதினார். அந்த இடம் தெரிந்தவள் தேனியில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வளர்த்தவளுக்குத் தெரியவில்லை என்று அவர் நினைப்பாரே என்றுதான் இருந்தது. இரண்டு நாள் செவலை முன்னங்காலால் இழுத்து இழுத்து என் பின்னாலேயே வந்ததைப் பார்த்தபின்தான் போனை எடுத்தேன்.

"செவலைக்கு முடியல. நீ வரணும்" என்றேன்.

"பஸ் ஏறிட்டுக் கூப்பிடுறேன்க்கா" என்றாள்.

ஆஸ்பத்திரி மேசைமேல் கிடந்த செவலையின் காதில் அவள் என்னவோ சொன்னாள். பிறகு இடது விலாவுக்குப் பின்னால், தொடை தொடங்கும் மடிப்புக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் மெதுவாகச் சொறிந்தாள். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. அப்புறம் கால் ஒருமுறை துடித்தது. இன்னொருமுறை. டாக்டர் குனிந்து பார்த்து, "கீழ நரம்பு வேலை செய்யுது. நடக்கும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முயற்சி பண்ணலாம்" என்றார். அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. என் கைக்கு அசையவில்லையே என்பதுதான் முதலில் வந்தது. சந்தோஷம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் செவலை எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. தலை என் பக்கம். நான் வாய் திறந்து, "அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நீங்க சொன்னது சரிதானக்கா. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். நான் சொறிஞ்சாத்தான் எங்கிட்ட வரும். நீங்க சும்மா ஒக்காந்திருந்தாலே வந்து ஒட்டிப் படுத்துக்கிரும். அந்த வீட்டுல எனக்குப் பொறாமைன்னா அது ஒண்ணுதான்."

அவள் பொறாமைப்பட்டாள் என்பதைக் கேட்டு எனக்கு மனசு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. செவலையின் தலையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அது திரும்பவும் என் பக்கமே திருப்பிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது செவலை நடக்கிறது. வலது கால் இழுக்கும். இடது கால் சரியாகிவிட்டது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு இன்னும் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கிறது. அந்த இடம் இப்போது எனக்கும் தெரியும். தினமும் செவலையை மடியில் போட்டுத் தடவுகிறேன், எண்ணெய் போடுகிறேன், உண்ணி பார்க்கிறேன். அந்த இடத்தில் மட்டும் விரல் வைப்பதில்லை. அதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று விட்டு வைத்திருக்கிறேன்.