தராசு தோண்டிய கிழங்கு

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் தேறாது. குடிக்க மாட்டார், நேரம் தவற மாட்டார். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசும் எடைக்கல்லும் சரியா என்று சோதித்து முத்திரை குத்திய உத்தியோகம் அவருக்கு. ஓய்வு பெற்றதும் முத்திரை கையை விட்டுப் போயிற்று, சோதிக்கிற வியாதி போகவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு வைத்த பெயரே தராசு.

அக்கா அடுப்பில் எதையாவது வைத்தால் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பார். அவள் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். கடையிலிருந்து வந்த பருப்பைத் தன் தராசில் நிறுக்காமல் டப்பாவுக்குள் போகவிட மாட்டார். அக்கா வாயைத் திறந்ததே இல்லை. அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலில் பாதி அவள்மேலும் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை. அதில் சிமென்ட் பூசிவிட வேண்டும் என்பது தராசின் லட்சியம். "மண்ணு இருந்தா பூச்சி வரும், செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும்" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை சர்க்கரைவள்ளி போட்டுப் பாக்குறேங்க."

"பத்து கிலோ வரணும். வந்தா மண்ணு உனக்கு. ஒரு கிராம் குறைஞ்சாலும் கொத்தனார் வந்துடுவார்" என்றார் அந்த மகானுபாவர்.

அக்கா மண்ணைக் கொத்தி வரப்பு கட்டினாள். எங்கிருந்தோ வாங்கி வந்த கொடியை முழம் முழமாக நறுக்கி ஊன்றினாள். மிஞ்சிய துண்டுகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல்காரம்மாவிடம் கொடுத்தாள். ஒரே மாதத்தில் கொடி தரையை மூடிவிட்டது. அது கண்ட இடத்தில் வேர்விடாமல் இருக்கத் தூக்கித் தூக்கிப் புரட்டி விட்டாள். அந்தக் கொடிக்கு நடுவே அவளைப் பார்த்தபோதுதான், அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு நினைவு வந்தது.

இரண்டாம் மாதம் தராசு சோதனையைத் தொடங்கினார். ஞாயிறுதோறும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரோடு இறங்குவார். மண்ணை நோண்டி, கிழங்கை வெளியே இழுத்து, துடைத்து, டேப் வைத்து அளந்து, திரும்பப் புதைத்து ஒரு தட்டுத் தட்டுவார்.

"தோண்டாதீங்க. வேர் அறுந்தா அது பெருக்காது. மண்ணு திறந்து கிடந்தா வண்டு வேற இறங்கும்" என்றாள் அக்கா.

"பாக்காம எப்படித் தெரியும்?"

ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். "மாமா, அதை விடுங்களேன்" என்றேன். "நீ எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். என்னைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல அதிகமில்லை.

நாலு மாதம் முடிந்து இலை பழுத்ததும் அக்கா கொடியை அறுத்துவிட்டு, மண்வெட்டியால் ஓரத்திலிருந்து பதமாகக் கிளறினாள். வந்தவை விரல் விரலாக வந்தன. பாதியில் வண்டு துளைத்திருந்தது, சில அழுகி நாறின. தராசு நிறுத்தார். ஆறு கிலோ நானூறு கிராம். கள்ள எடைக்கல்லைப் பிடித்த நாளில் இருந்திருக்கும் அதே சந்தோஷம் அந்த முகத்தில். பெண்டாட்டி தோற்றதில் இப்படிப் பூரித்துப்போகிற ஜென்மத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் தையல்காரம்மா ஒரு கூடையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். "நீங்க குடுத்த கொடிதாங்க்கா. நட்டதோட சரி, மெஷினை விட்டு எந்திரிக்க எனக்கு ஏது நேரம்? நீங்களும் எடுத்துக்கோங்க."

ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத கிழங்கு. தராசு அவசரமாக நிறுத்துப் பார்த்தார். பதினாலு கிலோ. தட்டை மாற்றிப் போட்டார், முள்ளைத் துடைத்தார். மறுபடியும் பதினாலு.

"தராசுல ஏதோ கோளாறு" என்றார்.

"அப்போ என் கிழங்கை நிறுத்ததும் தப்புத்தானே?" என்றாள் அக்கா.

"அது வேற."

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். சாயங்காலத்துக்குள் மண் இருந்த சுவடே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். அவருக்குத் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை, இவளுக்கு மண் இல்லை. அன்றிலிருந்து சமையல் முடிந்தால் அங்கேதான். தராசு புதுச் சிமென்ட் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கொத்துகிற சத்தம் கேட்டது, பாட்டுச் சத்தமும் கேட்டது. நாலாவது நாள் பொறுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார்.

"என்ன நட்டிருக்க? எத்தனை வரிசை?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இறங்குங்க. இது உங்க இடம் இல்ல."

இறங்கினார்.