பலகையில் ஏறிய பேர்

ஆபீஸில் அவருக்கு முகவரியார் என்று பேர். கம்பெனியின் பாதிக் கம்ப்யூட்டர்கள் கீழ்த்தளத்து சர்வர் அறையில். மீதி, வாடகைக்கு எடுத்த கிளவுடில், துறைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கணக்குகளில். ஒரு பக்கத்துக் கம்ப்யூட்டர் மறுபக்கத்தைப் பேர் சொல்லித் தேடினால், எண் முகவரியைச் சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டாமா? அதை ஒன்றரை வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார் மனிதர். மனைவி "ஏங்க" என்று கூப்பிட்டால்கூட "எந்தக் கணக்குலேருந்து?" என்பார்.

அவருக்கு ஜென்ம விரோதி, முகவரியைத் தன் லேப்டாப்பிலேயே கையால் எழுதி வைப்பவன். அப்படி ஒரு வரி எழுதிவிட்டால் லேப்டாப் யாரையும் கேட்காமல் நேரே போய்விடும். நாளைக்கு எண் மாறினால் அம்போதான். அதனால் வாசலில் ஒரு பலகை மாட்டினார். எழுதி மாட்டிக்கொண்டவர் பேர் ஒரு மாசம் அதில் தொங்கும். மாட்டாத அத்தனை பேருக்கும் மாட்டியவர் டீ வாங்கித் தர வேண்டும். மேனேஜரே கையெழுத்துப் போட்ட விதி. ஆறு மாசமாகப் பலகை வெள்ளையாகவே இருந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

புது ஏற்பாட்டுக்கு மாறும் நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் ஓடாவிட்டால் திட்டம் பரணுக்குப் போகும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். காலையில் முகவரியார் சோதித்தார், ஓடியது. குழுவில் ஆறு பேரும் சோதித்தார்கள், ஓடியது. பத்து மணிக்குக் கிடங்கு மேற்பார்வை அம்மாவிடமிருந்து போன்.

"சார், ஸ்டாக் லிஸ்ட் வரலை."

"இங்க ஜோரா வருதேம்மா. கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க."

"மூணு தடவை போட்டாச்சு. அந்தப் பேரே தெரியாதுங்குது. வாசல்ல ரெண்டு லாரி நிக்குது சார்."

பதினொன்றரை வரை மல்லுக்கட்டினார். கேபிளைத் திட்டினார், அந்த அம்மாவின் கண்ணாடியைக்கூடச் சந்தேகப்பட்டார். கடைசியில் அந்த அம்மா கேட்டார்: "உங்க லேப்டாப்ல மட்டும் அப்படி என்ன சார் விசேஷம்?"

முகவரியாருக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பின் முகவரிக் கோப்பைத் திறந்தார். போன வருஷம் ஏதோ அவசரத்தில் அவரே எழுதிய வரி, கிடங்கின் பேரும் எண்ணுமாகக் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அழித்தார். உடனே அவருக்கும் லிஸ்ட் வரவில்லை. தேடினார். பேர் கேட்டால் எண் சொல்லும் கிளவுடின் பொது வாசலோடு பதினொரு கணக்குகளின் பேர்ப் பட்டியலை இணைத்திருந்தார்; கிடங்கின் பட்டியலைக் கோட்டை விட்டிருந்தார். இணைத்தார்.

"வந்துருச்சு சார்!" என்றார் அந்த அம்மா. மணி பதினொன்று ஐம்பது.

திட்டம் பிழைத்தது. கமுக்கமாக இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மனசு கேட்கவில்லை. காது மடல் சூடாக, பலகையில் தன் பேரைத் தானே எழுதினார்.

குழுவிலிருந்த சர்வர் அறைக்காரி எழுந்து வந்தாள்.

"அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க சார்."

அவளுக்குப் பின்னால் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் வரிசை. காலையில் ஆறு பேருக்கும் ஏன் ஓடியது என்று முகவரியாருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியாக மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினார்.

விதி விதிதான். மாட்டாமல் மிஞ்சியவர் கிடங்கு அம்மா ஒருவர்தான். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு டீயைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு நடந்தார்கள்.