சாம்பாருக்காக வண்டியைத் தூக்கிய ஞாயிறு

என் கணவர் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தலைமுடியை நாலாகப் பிளந்து அளக்கிற வேலை என்று அவரே பெருமையடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம் நான் கேட்டது அண்டாவுக்கு ஒரு மூடி. கிளிப் வைத்து இறுக்குகிற மூடி. அவ்வளவுதான்.

அப்போது ஓசூரில் வாடகை வீட்டில் சமைத்து, சூளகிரிப் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரிக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து இங்கே வந்து இத்தனை வருஷத்தில் எனக்கென்று கிடைத்த முதல் வருமானம். சாப்பாட்டை ஏற்றிப் போக, பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருந்தோம். அது முன்பக்கம் தாழ்ந்தே நிற்கும். பிரேக் போட்டால் அண்டா முன்னால் சறுக்கும், சாம்பார் தளும்பிக் கொட்டும். இரண்டு முறை பந்தியில் சாம்பார் பற்றாமல் போய்விட்டது. “இன்னொரு தடவ பத்தாமப் போச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்மா” என்று அங்கிருந்த சூப்பர்வைசர் நல்லபடியாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மூடி வாங்கித் தாருங்கள் என்றால் இவர் சிரித்தார். “மூடியெல்லாம் தற்காலிகம். ரூட் காஸ் எங்க இருக்குன்னு பாக்கணும்.” ஒரு தப்பு நடந்தால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்கவேண்டும் என்று கம்பெனியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சாம்பார் ஏன் கொட்டுகிறது, அண்டா ஏன் சறுக்குகிறது, வண்டி ஏன் சாய்கிறது என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் தளர்ந்துபோன முன் ஸ்பிரிங் பட்டையில் வந்து நின்றார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில், அமெரிக்காவில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்க லெவலிங் கிட் என்று ஒன்றை வாங்கி அவரவர் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

லேத் பட்டறையில் இரும்புக் கட்டைகள் செய்து வாங்கினார். அவற்றை அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்து நீளமான யு போல்ட்டால் இறுக்கினால் வண்டியின் முன்பக்கம் உயருமாம். வெர்னியரை வைத்து ஒவ்வொரு கட்டையையும் அளந்து, ஒன்று சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவரோடு வேலை செய்கிற, பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர் வந்துவிட்டார். வண்டியின் மூக்கைத் தெருப்பக்கம் திருப்பி வாசலில் நிறுத்தி, ஜாக்கி போட்டார்கள். பழைய நட்டுகள் துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், சுத்தியலால் தட்டினார்கள், அசையவில்லை. நான் துணி காயப்போடுகிற இரும்புக் குழாயைப் பிடுங்கி ஸ்பானரில் செருகி, இரண்டு பேரும் ஏறி மிதித்துக் கழற்றினார்கள். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் டார்ச் பிடித்தேன்.

“இங்க அடிக்கச் சொன்னா எங்கயோ அடிக்கிற பாரு” என்று வண்டிக்கடியிலிருந்து இவர் குரல் வந்தது.

“எங்க அடிச்சாலும் உங்களுக்கு உறைக்கவா போகுது?” என்றேன்.

சாயங்காலம் கட்டைகளை மாட்டி முடித்ததும், கம்பெனியில் கேட்டு வாங்கி வைத்திருந்த, மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவலை வண்டித் தளத்தில் வைத்தார். அதன் கண்ணாடிக்குள் இருந்த பபிள் நடுவுக்கு வரவில்லை. மறுபடி கழற்றிக் கட்டையோடு ஒரு தகடு சேர்த்தார், பிறகு இன்னொரு தகடு. கடைசியில் பபிள் கோட்டுக்குள் நின்றது. “ஆயித்து அக்கா, ஆயித்து. இனிமே ஒரு சொட்டு கொட்டாது” என்றார் பேரிகைக்காரர். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை இவருக்கு மதிய ஷிஃப்ட். இவர் வண்டியை ஓட்ட, எப்போதும்போல அண்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காராமல், மகாராணி மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்தேன். மேம்பாலம் ஏறும்போது பின்னால் டங்கென்று சத்தம். அண்டா சறுக்கிப் பின்கதவில் மோதியிருந்தது. பாதி சாம்பார் ரோட்டில் போயிற்று.

ஃபவுண்டரியின் சமதளத்தில் வண்டி நின்றபோது வாட்ச்மேன் கேட்டார், “என்னாம்மா, வண்டி மூக்கத் தூக்கிக்கினு நிக்குது?” இவர் ஓடிப்போய் லெவலை எடுத்துத் தளத்தில் வைத்தார். பபிள் உயர்ந்திருந்த முன்முனைக்கு ஓடிவிட்டது.

“நம்ம வாசல் தெருவப் பாத்துச் சாஞ்சிருக்கு” என்றார். “மழைத்தண்ணி போறதுக்காகச் சாய்வா போட்டிருக்கான். கிட் கரெக்ட்டு. வாசல்தான் தப்பு.”

தினமும் அந்த வாசலைக் கழுவி, தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுகிறவள் நான். எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எது தப்பு என்று அவர் தீர்ப்புச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் கத்தினேன், அழுதேன். வரிசையில் கடைசியாக நின்றவர்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றார்கள். சூப்பர்வைசர் அன்றும் நல்லபடியாகத்தான் சொன்னார், “நாளையிலேர்ந்து வேணாம்மா.”

மறுநாள் காலையில் இவர் லீவு போட்டார். வண்டியைத் தெருக்கோடியில் சமமான இடத்துக்கு ஓட்டிப்போய், அதிகமாக வைத்த தகடுகளைத் தனியாளாகக் கழற்றினார். பிறகு வந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பபிள் கோட்டுக்கு நடுவில், இம்மி பிசகாமல் நின்றது.

“இப்ப பாரு, பக்காவா இருக்கு” என்றார்.

“எத ஏத்திட்டுப் போக?” என்று கேட்டேன்.