ரூஜ் காட்டில் கோடாலி வெட்டு

பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். இனிச் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, என் மகளே இன்னும் நம்பவில்லை.

என் மனுசனுக்கு இரண்டு வருடமாக மறதி. மோர்னிங்சைட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வழி தெரியாமல் தெருவில் நிற்பார், இரண்டு தரம் பொலிஸ் கொண்டுவந்து விட்டது. "இன்னொருக்கா துலைஞ்சாரெண்டால் நேர்சிங் ஹோம்தான் அம்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். அவரை அங்கே விட்டுவிட்டு நான் யாரோடு சண்டை பிடிப்பது?

ஆனால் ஒரு புத்தகம் மட்டும் அவருக்கு மறக்காது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் காடுகளுக்குள் வழி தேடிப் போன ஒரு வெள்ளைக்காரரின் கதை. திரும்பி வருவதற்காக மரத்துக்கு மரம் கோடாலியால் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டு போவாராம், கடைசிப் பயணத்தில் திரும்பவேயில்லையாம். சாப்பிடும்போதும் இதே கதைதான், எனக்கு விசர் வரும்.

போன வசந்தத்தில் ஒரு மத்தியானம், நடக்கவென்று வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ரூஜ் காட்டுக்குக் கூட்டிப்போனேன். காரை நிறுத்திவிட்டுத் தங்கச்சியோடு போனில் கதைத்தேன், திரும்பினால் பக்கத்து சீட்டில் ஆளில்லை. மகளுக்குச் சொல்லப் பயந்து, நானே பாதைக்குள் ஓடினேன். பாதை பிரிகிற இடத்து மேப்பிள் மரத்தில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு வெட்டு, சாறு அப்போதுதான் வடிகிறது. கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று. வெட்டுகளைப் பிடித்துக்கொண்டே போனால், ஆற்றங்கரையில் விழுந்த மரமொன்றில் மனுசன் ராசா மாதிரி இருக்கிறார்.

"ஏனப்பா ஓடி வாறீர்?"

"உங்களை ஆர் இஞ்சை வரச் சொன்னது?"

"அவர் மரத்தை வெட்டிக்கொண்டு முன்னாலை போனார், நான் பின்னாலை வந்தன். எங்கடை வீடு எங்கையெண்டு கேட்டவர், சொன்னனான்."

"தமிழிலையோ கேட்டவர்?"

"அது தெரியேல்லை. விளங்கினது."

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன், ஒரு மரத்திலும் வெட்டில்லை. ஆனால் எங்கள் வாசல் மேப்பிளில் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் கோடாலியே கிடையாது.

சத்தியமாகச் சொல்கிறேன், அதன் பிறகு அவர் தொலையவேயில்லை. தனியே நடக்கப் போவார், சிரித்தபடி வந்துவிடுவார். புது மருந்து வேலை செய்கிறது என்கிறாள் மகள், சரி, செய்யட்டும். எனக்கும் சந்தோசம்தான்.

ஒன்றுதான். வீட்டுக்குள் வந்தவர் உடனே கதவைச் சாத்த மாட்டார், பின்னால் யாரோ வருவதுபோல கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிறேன், கை தானாக மூன்று கோப்பை எடுக்கிறது.