மீன்தலைக்குப் பதினொரு தையல்

கந்தப்போடிக்கு இடது காது கேட்காது. அதற்குக் காரணம் ஒரு மிக நல்ல உணவகம்.

இது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1984இல் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய ஒரு தமிழனிடம், இந்தக் காது எப்படிப் போனது என்று கேட்கும் வழக்கம் அப்போது கிடையாது. உடம்பில் எது பழுதென்றாலும் ஊரில் அதற்கு ஒரு கௌரவமான காரணம் இருக்கும் என்று நாங்களே எடுத்துக்கொள்வோம். அவருடைய அகதி வழக்கை எழுதிய சட்டத்தரணி அந்தக் காதைக் கண்டு மகிழ்ந்துபோய், பழியை இராணுவத்தின் தலையில் போட்டு ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். கந்தப்போடிதான் வேண்டாமென்று தடுத்தார். பொய் எழுதுவதில் அவருக்கு விருப்பமில்லை. உண்மையைச் சொல்வதிலும் விருப்பமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் ஒரு மனிதன் பல வருடங்கள் சௌகரியமாகக் குடியிருக்கலாம்.

அவர் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். இருபத்திரண்டு வயதில் கப்பல் வேலைக்கு ஏறினார். 1980இல் றொட்டர்டாம் துறைமுகத்தில், இரண்டாம் இஞ்சினியர் இரும்புக் கம்பியால் முதுகில் இரண்டு போட, போட்டிருந்த சேட்டுடன் கப்பலை விட்டு இறங்கி நடந்துவிட்டார். ஒருகாலத்தில் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களை ஆண்ட ஒல்லாந்தரின் நகரத்தில், எங்கள் ஆள் ஒருவர் கடதாசி எதுவுமில்லாமல் நான்கு வருடம் ஒளிந்திருந்து உணவகங்களில் கோப்பை கழுவினார். சரித்திரம் இப்படியும் பழிவாங்கும், ஆனால் தவறான ஆளை.

சமையலறைகளில் பேச்சுக் குறைவு. கத்தி இருந்தது, கொதிக்கும் எண்ணெய் இருந்தது, ஆளுக்கு ஒரு பாஷை இருந்தது. ஒரு இடத்தில் கழுவிய பானையில் கறை கண்ட சமையற்காரர் கந்தப்போடியின் கையைப் பிடித்துச் சுடுநீர்த் தொட்டிக்குள் முழங்கைவரை அமிழ்த்தினார். இன்னொரு இடத்தில் தட்டு உடைந்ததற்கு அந்தத் தட்டின் துண்டாலேயே தோளில் கீறினார்கள். கடதாசி இல்லாதவன் பொலிசுக்குப் போகமாட்டான் என்பது எல்லாச் சமையற்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த நான்கு வருடத்தில் அவர் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார். ஒரு கடையின் சாப்பாட்டை அறிய அதைச் சாப்பிடத் தேவையில்லை, திரும்பி வரும் கோப்பைகளைப் பார்த்தால் போதும். உருளைக்கிழங்கு அப்படியே வந்தால் கடை மோசம். சோறு பாதி வந்தால் குழம்பு மோசம். எலும்பு வெள்ளையாக வந்தால், அந்தச் சமையற்காரனின் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

மிச்சத்தைத் தின்றுதான் அவர் உயிர் வாழ்ந்தார். ஆகவே நல்ல கடைகளில் பட்டினி கிடந்தார், கூடாத கடைகளில் உடம்பு வைத்தார்.

மிக அதிகம் பட்டினி கிடந்தது கஸ்பரின் கடையில். கஸ்பர், ஒல்லாந்தர் முன்பு ஆண்ட அம்பொன் தீவிலிருந்து வந்தவர், துறைமுகத்துக்குப் பின்னால் ஏழு மேசை போட்டு நடத்தினார். அவருடைய மீன்தலைக் குழம்புக் கோப்பைகள் திரும்பி வரும்போது கழுவ ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாள் பசி தாங்காமல் கந்தப்போடி பானைக்குள் கையை விட்டு ஒரு கன்னத் துண்டை எடுத்து வாயில் போட்டார். கஸ்பர் இரும்புச் சட்டியால் இடது காதில் அடித்தார். கந்தப்போடி விழவில்லை. பெரிய அகப்பையை எடுத்து கஸ்பரின் மூக்கில் இறக்கினார், அது உடைந்த சத்தம் கேட்டும் இன்னொரு தடவை இறக்கினார். அவர் ஓடிய வழியில் இரத்தம் சொட்டியது, பாதி அவருடையது. அந்தக் கன்னத் துண்டின் ருசி மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

ரொறன்ரோவில் அவருக்கு நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வோபர்னில், பாக்கியராசாவோடும் வேறு இரண்டு பேரோடும் ஒரு அப்பாட்மென்றில் இருந்தார். நாள் முழுக்கப் பன்றிகளை இரண்டாகப் பிளந்துவிட்டு வருகிறவர் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்போல இருப்பார். றொட்டர்டாமில் என்ன வேலை செய்தீர்கள் என்று பாக்கியராசா கேட்டபோது, உணவகங்களில் சுப்பவைசர் என்றார். அது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லை நம்பித்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எண்பத்தைந்து, எண்பத்தாறில் எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு ஒல்லாந்தில் ஒரு தம்பியோ மச்சாளோ இருந்தார்கள். கடதாசி கிடைத்தவர்கள் பார்க்கப் போனார்கள். போகிறவர்களுக்கு ஒரே கவலை, அங்கே என்னத்தைத் தின்பது என்பது. கந்தப்போடியிடம் வருவார்கள். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்: ரயில் நிலையத்துக்கு மேற்கே சூரினாம்காரரின் ரொட்டிக் கடை, கோழி கேட்கவும், அவரைக்காயைத் தள்ளிவைக்க வேண்டாம். சந்தைக்குப் பின்னால் பொரித்த மீன், வெள்ளிக்கிழமை போகவேண்டாம், எண்ணெய் பழசு. போனவர்கள் திரும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கஸ்பரின் கடையை மட்டும் அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

இந்த நிலையில்தான் பரிமளத்தோடு கலியாணப் பேச்சு வந்தது. பரிமளம் ரெக்ஸ்டேலில் அண்ணனுடன் இருந்தாள், பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, கார் ஓட்டுவாள், முப்பது வயது. றிச்மண்ட் ஹில் கோயிலில் மூன்று முறை சந்தித்தார்கள். மூன்றாம் முறை அவள் நேரடியாகவே கேட்டாள், ஒல்லாந்தில் என்ன வேலை என்று. கந்தப்போடி அதே சொல்லைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். கந்தப்போடிக்கு அவளைப் பிடித்துப்போனது, அவளுக்கும் அப்படித்தான் என்று சனம் சொன்னது. தடை, அண்ணன் தம்பிமுத்து.

தம்பிமுத்து ஹோட்டல் லைனில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். ஒரு கோடைகாலப் பிக்னிக்கில், பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற விவாதத்தில் ஒருவரின் காறை எலும்பை முறித்தவர். பிறகு அதே ஆளுக்கு மூன்று கிழமை ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுபோனவர். அடிப்பதையும் பரிவையும் ஒரே கையால் செய்பவர். அவருக்கு மாப்பிள்ளையின் சாதகம் வேண்டும். கந்தப்போடியின் சாதகம் வீட்டோடு எரிந்துபோயிருந்தது. சாதகம் இல்லாத மனிதனை எதை வைத்துப் பார்ப்பது என்று பல நாள் யோசித்த தம்பிமுத்து, 1987 ஐப்பசியில், ஒன்றுவிட்ட தங்கச்சியின் கலியாணத்துக்கு றொட்டர்டாம் போக வேண்டி வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார். கந்தப்போடியைக் கூப்பிட்டு, அந்த ஊரில் ஆகத் திறமான ஒரு கடையை எழுதித் தா, சாப்பிட்டுவிட்டு வந்து முடிவு சொல்கிறேன் என்றார். நல்ல சாப்பாட்டை அறியாதவன் நல்ல குடும்பத்தை நடத்தமாட்டான் என்பது அவருடைய வாதம். கிரகங்களை நம்புவதைவிட இது மோசமென்று சொல்ல முடியாது.

கந்தப்போடி இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடையை எழுதியிருக்கலாம். ஆனால் ஆகத் திறமானது என்று கேட்டிருந்தார்கள், கேட்டதோ பரிமளத்தின் அண்ணன். இரண்டாந்தரத்தை எழுதிக் கொடுத்து முதற்தரப் பெண்ணைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கஸ்பரின் கடையை எழுதினார். பன்னிரண்டு மணிக்கு முன் போகவும். மீன்தலை கேட்கவும். கதவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டாம், குளிர். அதன்கீழ் இன்னொரு வரி வரவேண்டும்: என் பெயரைச் சொல்லவேண்டாம். எழுதினால் ஏன் என்று கேட்பார். தம்பிமுத்து சமையற்காரரோடு கதைக்கிற ஆளில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு தாளை மடித்துக் கொடுத்தார்.

அது சரிதான். தம்பிமுத்து தன் வாழ்நாளில் எந்தச் சமையற்காரரையும் கூப்பிட்டுப் பாராட்டியதில்லை. கஸ்பரின் மீன்தலையைத் தின்று முடித்ததும், முதல்முறையாக, எழுந்து சமையலறைக் கதவருகே போனார். சாப்பாடு கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் நடந்திருக்காது. தன் அரைகுறை ஆங்கிலத்தில் புகழ்ந்துவிட்டு, ரொறன்ரோவிலிருந்து நம்முடைய கந்தப்போடிதான் அனுப்பினார் என்றார். கோணல் மூக்குக் கஸ்பர், அவருக்கு இடது காது கேட்குமா என்று பணிவாகக் கேட்டார். கேட்காது என்று தம்பிமுத்து மகிழ்ச்சியோடு சொல்லி முடிப்பதற்குள் இரும்புச் சட்டி நெற்றியில் இறங்கியது. தம்பிமுத்துவும் சும்மா விழுகிற ஆள் அல்ல. மேசை ஒன்றைத் தூக்கிக் கஸ்பர்மேல் போட்டு, அதன்மேல் தானும் விழுந்து, கஸ்பரின் தோளைக் கடித்தார். பொலிஸ் வந்து பிரித்தது. நெற்றியில் பதினொரு தையல். கலியாணப் படங்களில் அவர் தலைப்பாகை கட்டியவர்போல நிற்கிறார்.

திரும்பி வந்த மறுநாள் ஞாயிறு, மதியம், வோபர்ன் அப்பாட்மென்றின் கதவு உதைபட்டுத் திறந்தது. நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் தம்பிமுத்து, பின்னால் அவரைப் பிடித்து நிறுத்தவென்று தானே கார் ஓட்டிக் கூட வந்த பரிமளம். முதல் அடி கன்னத்தில். கதிரையோடு விழுந்த கந்தப்போடியைச் சேட்டைப் பிடித்துத் தூக்கி, சுவரோடு சாத்தி, வயிற்றில் குத்தினார். பாக்கியராசா இடையில் போய் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு மனிதனின் மூக்கை இரண்டு தடவை உடைத்த கந்தப்போடி, பரிமளம் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கவேயில்லை. உதடு கிழிந்து இரத்தம் நாடிவரை வழிந்தது. அந்த நிலையிலும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணை, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டன்." ஒரு குத்து.

"எப்பிடி இருந்திச்சு?"

தம்பிமுத்து ஓங்கிய கையைக் கொஞ்சம் தாமதித்தார். "உள்ளதைச் சொன்னா என்ன, என்ட சீவியத்தில அப்பிடி மீன் தின்னல்ல." பிறகு அந்தக் கையை இறக்கினார். ஒரு பல் போனது.

"சுப்பவைசராம்," என்றார் மூச்சு வாங்கி. "பொலிஸ்காரனுக்கு முன்னால அவன் சொல்றான், உன்ட ஆள் என்ட கோப்பை கழுவினவன் எண்டு. ஏன்டா மறைச்சாய்? நான் டவுன்டவுனில என்ன செய்யிறன் எண்டு நினைக்கிறாய்? நானும் கோப்பைதான் கழுவுறன்."

கணக்காளர் வேலை என்று இரண்டு வருடமாகச் சொல்லி வந்த பாக்கியராசா, தாடையைத் தடவியபடி, தானும் அதைத்தான் செய்வதாக மெல்லச் சொன்னார். மற்ற இருவரும் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். அந்தக் காலத்து ரொறன்ரோவில் எங்கள் ஆண்களில் பாதிப் பேர் ஒரே வேலையைச் செய்துகொண்டு, அதை ஒருவருக்கொருவர் ஒளித்துவந்தார்கள். ஒளித்ததில் ஒருவரும் பிடிபடவில்லை, கந்தப்போடியைத் தவிர.

தம்பிமுத்துவின் கோபம் அத்துடன் முடிந்துவிட்டது. துவாய் ஒன்றைத் தேடி எடுத்து, தான் உடைத்த வாயைத் தானே துடைத்துவிட்டு, கலியாணத்தைத் தையில் வைப்போம் என்றார். சாப்பாட்டில் பொய் சொல்லாதவன், தன்னை அடித்தவனைத் திருப்பி அடிக்காதவன், இதற்குமேல் எந்தச் சாதகத்தில் என்ன இருக்கப் போகிறது என்று அறையைப் பார்த்துக் கேட்டார்.

பரிமளம் கதவடியிலேயே நின்றாள்.

"கோப்பை கழுவினது ஒண்டும் இல்ல," என்றாள் கந்தப்போடியிடம். "உங்கட பேரைக் கேட்டா அந்தக் கடைக்காரன் அடிப்பான் எண்டு உங்களுக்குத் தெரியும். பேரைச் சொல்லாதீங்க எண்டு ஒரு வரி எழுத ஏலாமப் போச்சா?"

"எழுதினா ஏன் எண்டு கேப்பார்."

"கேட்டாச் சொல்லுறது."

"சொன்னா நீங்க கிடைக்க மாட்டீங்க எண்டு பயந்தன்."

"அண்ணைட மண்டை உடையிறது பரவாயில்ல எண்டு நினைச்சிருக்கிறீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "நாளைக்கு என்ட மண்டைக்கும் அப்பிடித்தான் நினைப்பீங்க."

அவள் திரும்பிப் படியிறங்கினாள். 401இல் ரெக்ஸ்டேல் வரை தம்பிமுத்து தான் அடித்த மனிதனுக்காக வாதாடிக்கொண்டே போனார். அவன் வலியைத் தாங்குகிறவன், குடிக்காதவன், மீனை அறிந்தவன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்.

"அவர் உங்களுக்குத்தான் நல்ல பொருத்தம், அண்ணை. நீங்களே வைச்சிருங்க."

தம்பிமுத்து அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு கந்தப்போடி மூன்று பஸ் மாறி ரெக்ஸ்டேலுக்குப் போவார். இருவரும் சேர்ந்து மீன்தலை வாங்கி, கஸ்பரின் குழம்பை ஒருவருடைய நாக்கையும் மற்றவருடைய நாக்கையும் வைத்துத் திரும்பக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். புளி கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் அகப்பையை ஓங்குவார். பரிமளம் பிஸ்கட் தொழிற்சாலையில் ஞாயிறு சிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.