பெரட்டில் ஒரு குரல்

ராக்கம்மாவுக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். நீளாமல் என்ன செய்யும்? காது கேளாத, பேச்சு வராத மகள் பஞ்சாலைக்கும் சேர்த்துப் பேச இருந்தது அந்த ஒரு வாய்தானே!

அது வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலம். மம்பாவ் பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, வாசலில் துப்பாக்கியோடு காவலாட்களை நிறுத்தியிருந்தார்கள். விடியுமுன் வேலிக்குள்ளேயே பெரட்டு நடக்கும். பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்த்த பிறகுதான் வாசல் திறக்கும். அதற்கு முன் ரப்பர் மரங்களுக்கிடையே எவர் அசைந்தாலும் காட்டிலிருந்து இறங்கியவர் என்றே கணக்கு. நில் என்பார்கள், நிற்காவிட்டால் சுடுவார்கள்.

பதினாறு வயது மகளுக்குப் பால்வெட்டு வேலை கேட்டு வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டியிடம் நடையாய் நடந்தாள் ராக்கம்மா.

"செவிட்டுப் பொண்ணு. எவனாச்சும் நில்லுன்னா அதுக்குக் கேக்குமா?"

"எங்கூடத்தானே வரப்போறா! காதுதான் போச்சு, கையுமா போச்சு? நான் கண்ண மூடிட்டா நீங்களா கஞ்சி ஊத்துவீங்க?"

"சரிலா, ஒரு வாரம் பாக்குறேன். சனிக்கெழம அவ வெட்டுற மர நெரைக்கு வருவேன். பட்டையில காயம், பால் வடியுற மங்குல அழுக்கு இருந்துச்சு, அதோட சரி."

பஞ்சாலை கெட்டிக்காரி. தாய் கையைப் பிடித்து வெட்டிக் காட்டிய ஆழம் அவள் விரலில் அப்படியே நின்றது. பெரட்டில்தான் வம்பு. பெயர் கூப்பிடும்போது ராக்கம்மா தோளைத் தொடுவாள், பஞ்சாலை கை தூக்குவாள். "இருட்டுல கையத் தூக்கினா எவனுக்குத் தெரியும்? சத்தம் வேணும்!" என்று மண்டோர் எரிந்து விழுந்தார். அதிலிருந்து மகள் பெயருக்கும் ராக்கம்மாவே "இருக்கா!" என்றாள். பாழாய்ப்போன பழக்கம், இரண்டொரு நாளில் திரும்பிப் பார்க்காமலே வாயில் வந்தது. துப்பாக்கி விஷயத்தை மட்டும் அவள் மகளுக்குச் சைகையில் சொல்லவில்லை. பிள்ளை மிரண்டுவிடக் கூடாது, கூடவே இருக்கப் போகிறோமே என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பெருமழை. மங்குகளில் மண் தெறித்திருக்குமே என்று பஞ்சாலை கைகளால் தவித்தாள். "காலையில தொடைச்சிக்கலாம், படுடி" என்று ராக்கம்மா சைகையிலேயே அதட்டினாள்.

மறுநாள் பெரட்டுக்குக் கூட்டம் சேரும் நேரத்தில், தண்ணீர் லோரிக்காக வாசல் திறந்தது. கையில் துணியோடு பஞ்சாலை லோரியின் மறைவில் வெளியேறினாள். யாரும் கவனிக்கவில்லை.

"பஞ்சாலை!"

"இருக்கா!"

"எல்லாரும் உள்ளதான்" என்று மண்டோர் காவலாளிடம் சொன்னார்.

அப்போது மேட்டுப் பக்கம் காவல் நின்றவனின் குரல் கேட்டது. "நில்!" மரத்துக்கு மரம் யாரோ குனிந்து குனிந்து போகிறான் என்றார்கள். எவன் பெற்ற பிள்ளையோ, நிற்க மாட்டேன் என்கிறானே என்று ராக்கம்மா அங்கலாய்த்தாள். மறுபடி, "நில்!" மகளை அணைத்துக்கொள்ளப் பின்னால் கை நீட்டினாள்.

பின்னால் யாருமில்லை.

"சுடாதே ஐயா! அவளுக்குக் கேக்காது!" என்று வாசலுக்கு ஓடினாள். அவள் குரல் மேட்டை எட்டுவதற்குள் வெடிச்சத்தம் கேட்டது.

விடிந்ததும் மண்டோர் அந்த நிரைக்குப் போனார். பாதி நிரை வரை மங்குகள் பளிச்சென்று இருந்தன. பட்டையில் ஒரு காயமும் இல்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகும் ராக்கம்மா நெடுங்காலம் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டினாள். பெரட்டில் தன் பெயருக்குக்கூட அவள் வாய் திறக்கவில்லை, கையை மட்டும் தூக்குவாள். முனியாண்டி விளக்கை எடுத்துக்கொண்டு அவள் அருகே வந்து பார்ப்பார்.