ஒவ்வொரு செவ்வாயும் வீங்கிய முழங்கால்

எங்கள் அத்தா அடிவாரத்து ஊரில் மிளகு வாங்கி விற்றவர். மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். நான் வியாபாரத்துக்குப் போகவில்லை, பிசியோதெரபி படித்தேன். ஆனால் மேலாகத் தெரிவதை நம்பாத அந்தக் குணம் என்னோடு ஒட்டிக்கொண்டது. நோயாளி வலி குறைந்துவிட்டது என்றாலும் நம்பமாட்டேன், குறையவில்லை என்றாலும் நம்பமாட்டேன்.

கொல்லிமலையில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்ததும் செம்மேட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் வளப்பூர் நாட்டுப் பக்கம் போவேன்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அங்கே பஸ் நிற்கும் இடத்திலிருந்து கால் மணி நேரம் மேடேறினால் ஓர் அக்காவின் வீடு வரும். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர் தவறி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தகடு வைத்திருந்தார்கள். நான் முதலில் பார்த்தபோது அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கால் பாதிகூட மடங்கவில்லை.

முதல் நாள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேர், கரண்ட் உண்டா, கேஸ் அடுப்பு உண்டா, கழிப்பறை உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவருடைய வீட்டுக்காரரே பதில் சொன்னார். கடைசிக் கேள்வியை நான் முடிப்பதற்குள்ளேயே, "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்றார். வாசலுக்கு எதிரே நீலக் கதவு போட்ட சின்ன அறை கண்ணுக்கு நேராகவே நின்றது. டிக் அடித்தேன்.

"அக்கா, தரையில குந்தக் கூடாது. சரிவுல ஏறி இறங்கக் கூடாது. நான் சொல்லித்தர்ற பயிற்சிய மட்டும் செய்யுங்க" என்றேன். மடித்த துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, குதிகாலைத் தரையோடு இழுப்பது, இரண்டும்தான். தலையாட்டினார்.

அடுத்த செவ்வாய் முழங்கால் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு வருவேன். மறுவாரம் போனால் பழையபடி உப்பியிருக்கும்.

"எங்கயாச்சும் போறீங்களாக்கா?"

"எங்கயும் போகலீங்க சார்" என்பார் வீட்டுக்காரர். "ஊட்டுக்குள்ளயேதான் கெடக்குறா."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய ஊன்றுகோலின் நுனியில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. கெண்டைக்காலில் முள் கிழித்த புதுக் கோடுகள். ஒருநாள் உதடு வெடித்திருந்தது. கால் நரம்பு சுண்டி இழுப்பதாகச் சொன்னார். வீட்டுக்குள் கிடக்கும் காலுக்கு மண்ணும் முள்ளும் எங்கிருந்து வரும்? இந்த மனுஷன் அவரைக் காட்டு வேலைக்கு விரட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். மிளகுப் பறிப்பு வேறு இன்னும் முடியவில்லை. அவர் வாய் திறக்கும் முன் இவன் முந்திக்கொள்வதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இன்னொரு செவ்வாய் அந்த நீலக் கதவைக் காட்டி, போய்விட்டு வரலாமா என்று கேட்டேன்.

"சாவியக் காணோமுங்க" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கழிப்பறைக்குப் பூட்டு எதற்கு? மலைக்காரர்களைப் பற்றிக் கீழே ஊரில் பேசிக்கொள்ளும் கதைகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. உள்ளே சாராயம் இருக்குமோ என்றுகூட யோசித்தேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வியாழக்கிழமை, விடிவெள்ளி முளைக்கும் நேரத்தில் பைக்கை எடுத்தேன். பஸ் நிற்கும் இடத்தில் அதை விட்டுவிட்டுப் பனிக்குள் மேடேறி, வீட்டுக்குப் பக்கவாட்டில் மிளகுக்கொடி படர்ந்த ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டேன். லேசாக விடியத் தொடங்கியதும் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். ஒரு கையில் கோல். இன்னொரு கையில் என்ன என்று சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் ஏறினார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அடிபட்ட காலை இழுத்து இழுத்து வைத்து, காப்பிச் செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை. நினைத்தது சரியாகிவிட்டதே! நாலைந்து அடி பின்தொடர்ந்தேன்.

மேலே ஒரு புதர் மறைவில் அவர் நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பிளாஸ்டிக் மக்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பினேன். எனக்குப் பின்னால் அவருடைய வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் கொடுவாள். யாரும் அந்தப் பக்கம் வந்துவிடாமல் தடத்தில் காவல் நின்றிருக்கிறார்.

"ஏனுங்க சார், இங்க என்ன பண்றீங்க?"

"பயிற்சி... பார்க்கலாம்னு..."

"விடியறதுக்கு முன்னாலயா பயிற்சி?"

சத்தம் கேட்டு, மேலே போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் கையிலும் மக் இருந்தது. யார் அது என்று ஒருத்தி கேட்டாள். கால் பிடித்துவிட வருகிற ஆள் என்று மற்றவள் சொன்னாள். "பொம்பளைங்க ஒதுங்கற எடத்துல இவனுக்கு என்ன வேலை?" என்று அவள் போட்ட சத்தம் அடுத்த வளவு வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு பெண்ணை மரத்துக்குப் பின்னால் நின்று வேவு பார்த்திருக்கிறேன். வேறு என்னவென்று சொல்வது?

அக்கா கோலை ஊன்றி இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

"உடுங்க அவர. என்னைய நம்பாமதான் வந்திருக்கறாரு. வேற எதுக்குமில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "வேலைக்குப் போறேன்னு நெனச்சீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீலக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே கூரை வரைக்கும் விறகு.

"கட்டி முடிச்சதும் கவருமெண்டு ஆளுங்க போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டாங்க. தண்ணிக்கு அந்த ரோட்டோரக் கொழாய்க்குத்தான் போகோணும். எத்தன கொடம் தூக்கறது? வெறக வெச்சு அடைச்சுட்டோம். நீங்க மொத நாளே காயிதத்த வெச்சுக்கிட்டு இதக் கேட்டீங்க. கால் பாக்கற சாக்குல இதத்தான் விசாரிக்க வாரீங்கன்னு நெனச்சோமுங்க. புழங்கறதில்லன்னு சொன்னா ஏதாச்சும் பண்ணிருவீங்களோன்னு பயம்."

ஆக, நான் அவர்களைச் சந்தேகித்த அத்தனை வாரமும் அவர்கள் என்னைச் சந்தேகித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மனம்விட்டுப் பேசாததில் வீங்கியது அந்த முழங்கால்தான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"இது ஆம்பளைங்ககிட்ட சொல்ற சமாச்சாரமாங்க?" என்றார். பிறகு அவரே மேலும் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தச் சரிவில் ஏற முடியாது என்பதால் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாராம். ராத்திரிச் சோறும் அரை வயிறுதான். வெடித்த உதடும் சுண்டி இழுத்த நரம்பும் வேலை செய்ததால் வந்தவை அல்ல. குந்தாதே, சரிவில் ஏறாதே என்று அதட்டினேனே தவிர, குந்தாமல் ஏறாமல் அந்த வீட்டில் ஒரு பெண் எப்படி ஒரு நாளைக் கழிப்பாள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு இறங்கி, ஒரு பழைய இரும்பு நாற்காலியை வாங்கி, நடுவில் வட்டமாக வெட்டித் தரச் சொன்னேன். வெல்டிங் கடைக்காரர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எதற்கு என்று சொன்ன பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸின் பின் படிக்கட்டருகே அதைப் பிடித்துக்கொண்டே அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன்.

விறகை வெளியே எடுத்தோம். குந்தும் பீங்கானுக்கு மேல் நாற்காலியைப் போட்டால் கதவு மூடவில்லை. வீட்டுக்காரர் கதவைக் கழற்றிவிட்டுப் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார். தண்ணீர் தூக்க அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பெண்டாட்டி கழிப்பறைக்குப் புருஷன் குடம் சுமக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று முதல் சில நாள், குழாயடியில் ஆள் சேர்வதற்கு முன்பே போய் வந்தாராம். அப்புறம் பழகிவிட்டது. "கேக்கறவங்க கேக்கட்டும்னு உட்டுட்டேனுங்க" என்றார்.

நாற்காலி போட்ட பிறகு வந்த மூன்றாவது செவ்வாய் வீக்கம் வடிந்திருந்தது. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். நம்ப முடியாமல் இரண்டு காலையும் டேப்பால் அளந்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

"இப்பவும் நம்பலீங்களா சார்?"

அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் கழிப்பறை உண்டு என்று பதிவாகியிருக்கிறது, நீங்களே டிக் போட்டிருக்கிறீர்கள், இப்போது மாற்றினால் கேள்வி வரும், உங்கள் வேலை முழங்கால் மட்டும்தான் என்றார் மேலதிகாரி. நான் சிகிச்சைக் குறிப்பில், தண்ணீரும் உட்கார வசதியும் இல்லாததால் வீக்கம் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அதை யாராவது படித்தார்களா என்று தெரியாது. படித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். பெண்களிடம் கேட்க ஊர் நர்ஸம்மாவைக் கூட்டிக்கொள்கிறேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று எல்லோரும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அக்காவின் கால் முழுக்க மடங்கவில்லை, இனி மடங்கப்போவதும் இல்லை. ஆனால் கோல் இல்லாமல் நடக்கிறார். போன தை மாதம் எடப்புளி நாட்டில் இருக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்கு, விழுந்த பிறகு முதல் தடவையாகப் பஸ் ஏறிப் போனார். நாலு நாள் இருந்துவிட்டு வரப்போவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த செவ்வாய் வழக்கம்போல அந்தப் பக்கம் போனபோது வீட்டில்தான் இருந்தார். மறுநாளே திரும்பிவிட்டாராம்.

"ஏங்க்கா, சண்டையா?" என்றேன்.

"சண்டையெல்லாம் இல்லீங்க தம்பி. நல்லாத்தான் பாத்துக்கிட்டா." துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார். "ஆனா விடிஞ்சா அங்க எனக்கு உக்கார எடமில்லீங்க."